ஃப்ரேமுக்கு வெளியே நிற்கும் கப்பல்: 'சௌத்' (1919) படமும் அன்டார்டிகா குரூஸும்

ஃப்ராங்க் ஹர்லி எடுத்த 'சௌத்' என்கிற ஊமைப்படத்தைப் பற்றி எழுதணும்னு ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். 1919-ல் வெளியான படம். ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் கப்பல் பனியில் மாட்டி நொறுங்கிய கதை. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 1990களில் துண்டு துண்டாகக் கிடந்ததைச் சேர்த்து மீட்டெடுத்த பிரதி சுமார் 80 நிமிடம் ஓடுகிறது.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஷாக்கிள்டனின் தலைமைப் பண்பைப் பற்றித்தான் பேசுவார்கள். மேனேஜ்மென்ட் வகுப்புகளில் இந்தக் கதையைப் போட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். எனக்கு ஆர்வம் அதில் இல்லை. இன்றைக்கு 'எக்ஸ்பெடிஷன் குரூஸ்' என்ற பெயரில் பனிப்பாறைக்கும் பென்குயினுக்கும் நடுவே பல லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு கூட்டிப் போகிறார்களே, அந்தப் பயணம் எப்படிக் காட்டப்படுகிறது என்பதற்கான முதல் மாதிரி இந்தப் படத்தின் பின்பகுதியில் இருக்கிறது. அதற்கான பதிலும் இதே படத்தின் முன்பகுதியில் இருக்கிறது. இரண்டையும் எடுத்தவர் ஒரே ஆள். இந்த முரண்தான் இந்தப் பதிவு.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1914-ல் ஷாக்கிள்டன் 27 பேரோடு கிளம்பினார். அன்டார்டிகாவை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்து கடப்பது திட்டம். கரையையே தொடவில்லை. 1915 ஜனவரியில் வெட்டெல் கடலின் பனியில் கப்பல் மாட்டிக்கொண்டது. அக்டோபர் 27 அன்று கப்பலைக் கைவிட்டார்கள். நவம்பர் 21 அன்று அது மூழ்கியது. மாதக்கணக்கில் மிதக்கும் பனித்திட்டில் வாழ்ந்து, பிறகு மூன்று சின்னப் படகுகளில் எலிஃபன்ட் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து ஷாக்கிள்டனும் 5 பேரும் ஜேம்ஸ் கேர்ட் என்ற படகில் சுமார் 1,300 கிமீ கடலைக் கடந்து தெற்கு ஜார்ஜியா போய் உதவி தேடினார்கள். எலிஃபன்ட் தீவில் காத்திருந்த 22 பேரையும் 1916 ஆகஸ்ட் 30 அன்று சிலியின் யெல்சோ கப்பல் மீட்டது. அந்தக் குழுவில் ஒருவர்கூடச் சாகவில்லை.

கேமரா இல்லாத பகுதி

இப்போது படத்துக்கு வருவோம். இந்தக் கதையில் நம்மை இன்றைக்கும் உலுக்குகிற பகுதி எது? பனித்திட்டு வாழ்க்கை, எலிஃபன்ட் தீவு, ஜேம்ஸ் கேர்ட் பயணம். இந்த மூன்றுக்கும் 'சௌத்' படத்தில் ஓடும் காட்சிகள் கிடையாது. இருக்கவும் முடியாது. கப்பலைக் கைவிட்டபோது மூவி கேமராவையும் பெரிய ஸ்டில் கேமராக்களையும் ஹர்லி விட்டுவிட வேண்டியிருந்தது. மிஞ்சியது ஒரு கையடக்க கோடாக் கேமராவும் மூன்று ரோல் ஃபிலிமும்தான்.

அதற்கு முன்பே எடுத்தவற்றைக் காப்பாற்றியதே பெரிய கதை. நொறுங்கிய கப்பலுக்குள் உறைநீரில் இறங்கி, கண்ணாடி நெகட்டிவ்கள் இருந்த பெட்டிகளை ஹர்லி மீட்டார். எல்லாவற்றையும் சுமக்க முடியாது. அவரும் ஷாக்கிள்டனும் பனியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, சுமார் 120-ஐ மட்டும் வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட 400-ஐ அங்கேயே உடைத்தார்கள். ஏன் உடைக்கணும், சும்மா விட்டுவிட்டு வரலாமே? பிறகு மனசு மாறித் திரும்ப எடுத்துவிடக்கூடாது என்பதற்காக. டெலிட் பண்ணி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்கிற மாதிரி.

ஆக, ஊர் திரும்பியபோது ஹர்லியிடம் இருந்தது கப்பல் நொறுங்கும் வரைக்குமான படம். அதற்கப்புறம் வெற்றிடம். ஆனால் பயணத்துக்குப் பணம் திரட்ட, படத்தின் உரிமையை முன்கூட்டியே விற்றிருந்தார்கள். பணம் போட்டவர்களுக்கு முழுநீளப் படம் வேண்டும். அதிலும் விலங்குகள் வேண்டும். அந்தக் காலத்து லண்டன் ரசிகர்களுக்குத் துருவப் படம் என்றால் பென்குயின் இருந்தே ஆகணும். அதனால் 1917-ல் ஹர்லி மறுபடி தெற்கு ஜார்ஜியாவுக்குப் போனார். நல்ல கேமரா, நல்ல சாப்பாடு, திரும்பி வர உத்தரவாதமான கப்பல். அங்கே பென்குயின்களையும் யானைச் சீல்களையும் கடல்பறவைகளையும் சாவகாசமாகப் படம்பிடித்தார்.

'சௌத்' படத்தின் பின்பகுதியில் நாம் பார்ப்பது அதைத்தான். கப்பல் போய்விட்டது. ஸ்டில் படங்களையும் வரைந்த ஓவியங்களையும் வைத்து எலிஃபன்ட் தீவுக் கதை ஒப்பேற்றப்படுகிறது. பிறகு தெற்கு ஜார்ஜியாவுக்கு வந்ததும் படத்தின் குரலே மாறிவிடுகிறது. பென்குயின்கள் வரிசையாக நடக்கின்றன, சீல்கள் உருள்கின்றன, இடையில் வரும் எழுத்து அட்டைகள் ஜோக் அடிக்கின்றன. 22 பேர் ஒரு தீவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்போது நாம் விலங்குக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பகுதியின் நீளம் முதல் தடவை பார்க்கும்போதே உறுத்தும்.

என் தொழிலில் இதற்கு ஒரு பழக்கம் உண்டு. லாக் ஃபைலில் ஒரு மணிநேர டேட்டா இல்லை என்றால், வேறு நாளின் டேட்டாவை அந்த இடத்தில் நிரப்பி கிராஃபை அழகாக்குவார்கள். கிராஃப் தொடர்ச்சியாக இருக்கும். சிஸ்டம் விழுந்த அந்த ஒரு மணிநேரம் மட்டும் காணாமல் போயிருக்கும். 'சௌத்' படத்தின் பின்பகுதி அப்படிப்பட்ட ஒரு நிரப்பல். தப்பு என்று சொல்லவில்லை. கையில் இருந்ததை வைத்துத்தான் யாரும் படம் பண்ண முடியும். ஆனால் எதை வைத்து நிரப்பினார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அடுப்பில் எரிந்த பென்குயின்

எலிஃபன்ட் தீவில் அந்த 22 பேர் நாலரை மாதம் எப்படி உயிரோடு இருந்தார்கள்? இரண்டு படகுகளைக் கவிழ்த்துப் போட்டு அதன் கீழே வாழ்ந்தார்கள். சீலையும் பென்குயினையும் அடித்துச் சாப்பிட்டார்கள். விறகு கிடையாது, சீலின் கொழுப்பும் பென்குயின் தோலும்தான் எரிபொருள். பிளாக்போரோ என்ற இளைஞனுக்குப் பனியில் கால்விரல்கள் அழுகி, அந்தக் கவிழ்த்த படகின் கீழேயே டாக்டர்கள் அவற்றை வெட்டி எடுத்தார்கள். மயக்க மருந்து வேலை செய்யும் அளவுக்கு இடத்தைச் சூடாக்கணும். அதற்காக அடுப்பில் பென்குயின் தோல்களைப் போட்டு எரித்தார்கள்.

ஹர்லி நல்ல கைவேலைக்காரர். பனித்திட்டில் இருந்தபோது கப்பலிலிருந்து எடுத்த இரும்பை வைத்து, கொழுப்பில் எரியும் அடுப்பைச் செய்தவரும் அவரேதான். அதாவது பென்குயின் என்றால் சோறு, விறகு, வெளிச்சம் என்று மாதக்கணக்கில் வாழ்ந்த ஒருவர், அடுத்த வருடமே அதே பறவையைச் சிரிப்புக்கான பாத்திரமாகப் படம் எடுக்கிறார். ஏமாற்று வேலை என்று இதைச் சொல்லிவிட முடியாது. ரசிகன் எதைக் கேட்பான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பென்குயினுக்கும் மனிதனுக்கும் நடுவே உண்மையில் இருந்த உறவு அந்தக் காட்சிகளில் இல்லை. கேமராவைப் பிடித்த மனிதன் அங்கே எப்படி வந்தான், எதைத் தின்றான், எதை எரித்தான் என்பதெல்லாம் ஃப்ரேமுக்கு வெளியே போய்விட்டது.

இதற்கு நேர் எதிராகப் படத்தின் முன்பகுதியைப் பாருங்கள். அங்கே எல்லாமே கப்பல்தான். கப்பலின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தில் கேமராவோடு தொற்றிக்கொண்டு, கப்பலின் மூக்கு பனியைப் பிளப்பதை ஹர்லி கீழ்நோக்கி எடுத்திருக்கிறார். பனி விரிசல் விடுகிறது, கப்பல் இடிக்கிறது, பின்வாங்குகிறது, மறுபடி இடிக்கிறது. ஆட்கள் கடப்பாரையும் கோடாலியும் ரம்பமுமாகப் பனியை வெட்டிக் கப்பலுக்கு வழி செய்யப் பார்க்கிறார்கள். கடைசியில் பாய்மரங்கள் முறிந்து விழுவதை அசையும் படமாகவே பார்க்கிறோம். இந்தக் காட்சிகளில் துருவம் அழகாகத்தான் இருக்கிறது; ஆனால் அந்த அழகைப் பார்க்க என்ன தேவைப்படுகிறது, அதில் எது உடைகிறது என்பதும் அதே ஃப்ரேமில் இருக்கிறது.

ஹர்லியின் புகழ்பெற்ற இரவுப் படமும் அப்படித்தான். 1915 ஆகஸ்ட் 27. துருவக் குளிர்கால இருட்டு. கப்பலைச் சுற்றிச் சுமார் 20 இடங்களில் ஃப்ளாஷ் பவுடரை வெடிக்கவைத்து எடுத்தார். கறுப்பு வானத்தின் முன்னால் உறைபனி பூத்த கயிறுகளோடு வெள்ளைப் பேய் மாதிரி கப்பல் நிற்கிறது. சுத்தமாகச் செயற்கையான வெளிச்சம், செட் போட்டது போன்ற படம். ஆனாலும் அந்தப் படம் எதையும் மறைக்கவில்லை. மனிதன் ஒரு பெரிய யந்திரத்தோடு இங்கே வந்து மாட்டிக்கொண்டான் என்று அது பச்சையாகச் சொல்கிறது.

ஹர்லி பொய்யர்தானே?

இந்த இடத்தில் விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள்: 'ஹர்லி படங்களை ஒட்டி வெட்டி ஏமாற்றியவர்தானே, அவரிடம் என்ன நேர்மை?'

நியாயமான கேள்வி. எலிஃபன்ட் தீவு 'மீட்பு' என்று வெளியான புகழ்பெற்ற படம் மீட்பே இல்லை. 1916 ஏப்ரல் 24 அன்று ஜேம்ஸ் கேர்ட் கிளம்பியபோது கரையில் நின்றவர்கள் கையசைத்த படத்தைத் திருத்தி, மீட்பு என்று போட்டார்கள். வழியனுப்பியது வரவேற்றதாக மாறிவிட்டது. முதல் உலகப்போரில் ஆஸ்திரேலியப் படையின் அதிகாரபூர்வ ஃபோட்டோகிராஃபராக இருந்தபோதும், பல நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே போர்க்காட்சியாக அச்சிட்டு, வரலாற்றாசிரியர் சார்லஸ் பீனோடு பெரிய சண்டை போட்டார். பீன் அவற்றைப் போலி என்றார். ஒரே படத்தில் போரைக் காட்டவே முடியாது, அதனால் சேர்க்கத்தான் வேண்டும் என்பது ஹர்லியின் வாதம்.

ஆனால் எனக்கு இரண்டு வகைப் பொய் தெரிகிறது. ஒன்று, இல்லாததைச் சேர்ப்பது. இன்னொன்று, இருப்பதை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளுவது. முதல் வகையை என்றைக்காவது பிடித்துவிடலாம். நெகட்டிவ் கிடைத்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டாவது வகையைப் பிடிக்க நெகட்டிவ் உதவாது. அந்தப் படத்தில் எல்லாமே உண்மையாக இருக்கும். ஹர்லியின் ஒட்டுவேலையைப் பற்றி நூறு கட்டுரைகள் வரலாம். தெற்கு ஜார்ஜியா பென்குயின் காட்சியில் ஒரு வெட்டு ஒட்டு கிடையாது. அதனாலேயே அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அன்டார்டிகா குரூஸ் படங்கள் எல்லாம் இந்த இரண்டாவது வகை.

57 பேரிலிருந்து ஒன்றேகால் லட்சம் வரை

லார்ஸ் எரிக் லின்ட்பிளாட் 1966-ல் அர்ஜென்டினாவின் கடற்படைக் கப்பல் ஒன்றை வாடகைக்கு எடுத்து 57 பேரை அன்டார்டிகாவுக்குக் கூட்டிப் போனார். இன்றைய எக்ஸ்பெடிஷன் குரூஸ் வடிவம் அவர் போட்டதுதான்: கூடவே விஞ்ஞானிகள் வருவார்கள், கப்பலில் பாடம் எடுப்பார்கள், ரப்பர் படகில் கரைக்குப் போவோம், பார்த்தவர்கள் திரும்பி வந்து அந்த இடத்துக்காகப் பேசுவார்கள். 1969-ல் இதற்கென்றே லின்ட்பிளாட் எக்ஸ்புளோரர் என்ற சிவப்புக் கப்பலைக் கட்டினார்.

1991-ல் 7 நிறுவனங்கள் சேர்ந்து அன்டார்டிகா சுற்றுலா நடத்துபவர்களுக்கான சர்வதேச சங்கத்தை ஆரம்பித்தன. அதன் விதிகள் நிஜமாகவே நல்ல விதிகள். ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் இருக்கக்கூடாது. 500 பயணிகளுக்கு மேல் இருக்கும் கப்பல் யாரையும் இறக்கக்கூடாது. பென்குயினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கணும். அது நம்மை நோக்கி நடந்து வந்தால் நாம்தான் வழிவிடணும். பூட்ஸைக் கிருமிநாசினியில் கழுவணும், பையின் ஓரங்களில் ஒட்டிய விதைகளை எடுக்கணும். பறவைக் காய்ச்சல் பயம் வந்தபிறகு கரையில் உட்காரவோ மண்டியிடவோ கூடாது, பையைக் கீழே வைக்கவும் கூடாது. (அந்தக் காய்ச்சல் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவிலும் 2024 பிப்ரவரியில் அன்டார்டிகா நிலப்பகுதியிலும் உறுதியானது. அதைக் கொண்டுவந்தது வலசைப் பறவைகள்தான் என்று கருதப்படுகிறது, சுற்றுலாப் பயணிகள் அல்ல. தப்பில்லாத இடத்தில் பழி போடக்கூடாது.)

என்னை மாதிரி ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கிற விதி ஒன்று இருக்கிறது. ஒரு இறங்குமிடத்தில் ஒரு சமயத்தில் ஒரே கப்பல்தான் இருக்கலாம். சீசன் தொடங்கும் முன்பே கப்பல்கள் எல்லாம் எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று பொதுவான ஒரு அட்டவணையில் ஸ்லாட் பிடித்துக்கொள்கின்றன. புரோகிராம் எழுதுகிறவர்களுக்குப் புரியும்: இது ஒரு லாக். ஒருவர் வெளியே வந்தால்தான் அடுத்தவர் உள்ளே போக முடியும்.

இந்த லாக் இரண்டு வேலை செய்கிறது. பென்குயின் கூட்டத்துக்கு ஒரே சமயத்தில் வரும் தொந்தரவைக் குறைக்கிறது. இது முதல் வேலை. இரண்டாவது வேலை, ஒவ்வொரு பயணிக்கும் 'இங்கே நாங்கள் மட்டும்தான்' என்ற உணர்வைக் கொடுக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் அடுத்த கப்பல் தன் முறைக்காகக் காத்திருக்கும். ஆனால் கண்ணில் படாது. கேமராவில் விழாது. விற்கப்படும் சரக்கே இந்தத் தனிமைதான். பாதுகாப்பு விதியும் விற்பனைச் சரக்கும் ஒரே கோட்டில் அமைந்துவிட்டதால், இந்த விதியை யாரும் மீறப்போவதில்லை. அதுவரைக்கும் நல்லதுதான்.

ஆனால் இதில் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. லாக் என்பது ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்பதைக் கட்டுப்படுத்தும். மொத்தம் எத்தனை பேர் என்பதைக் கட்டுப்படுத்தாது. சில குறிப்பிட்ட இடங்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கப்பல்தான் என்ற வரம்பு உண்டு. ஆனால் ஒரு சீசனுக்கு அன்டார்டிகாவுக்கே இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. 1992–93 சீசனில் சுமார் 6,700 பேர் போனார்கள். 2023–24 சீசனில் 1,22,000-க்கும் மேல். இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் கரையிறங்காமல் கப்பலிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். 100 பேர் விதி இரண்டு சீசனிலும் மீறப்படாமலே இருந்திருக்கலாம். எந்த ஒரு கணத்தில் படம் எடுத்தாலும் அதில் 100 பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள்.

சில விளைவுகள் அந்தந்தக் கணத்தோடு முடிந்துவிடும். பென்குயின் பயந்து எழுவது மாதிரி. போர்ட் லாக்ராய் தீவில் ஒரு பாதியைப் பயணிகளுக்குத் திறந்துவிட்டு, மறுபாதியை மூடிவைத்து, ஜென்டூ பென்குயின்களின் குஞ்சுபொரிப்பை ஒப்பிட்டார்கள். தொடக்க ஆண்டுகளின் ஆய்வில் பயணிகளால் குறிப்பிடத்தக்க பாதிப்பு தெரியவில்லை. அதாவது லாக் தன் வேலையைச் செய்கிறது.

வேறு சில விளைவுகள் கூட்டுத்தொகையாகச் சேரும். கரித்தூள் அப்படிப்பட்டது. கப்பல், விமானம், ஆய்வு நிலையங்களின் டீசல் ஜெனரேட்டர் எல்லாம் விடும் புகையிலிருக்கும் கரித்தூள் பனிமேல் படிந்து அதைக் கறுப்பாக்குகிறது. கறுப்பு வெயிலை அதிகம் உறிஞ்சும். பனி சீக்கிரம் உருகும். 2022-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று, 2016–2020 காலத்தில் ஒரு பயணிக்குச் சராசரியாகச் சுமார் 83 டன் பனி முன்கூட்டியே உருகியது என்று மதிப்பிட்டது.  ஆய்வு நிலையங்களில் மாதக்கணக்கில் தங்குபவர்களின் பங்கு தலைக்கு இன்னும் அதிகம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. கரித்தூளுக்கு, 100 பேர் ஒன்றாக வந்தார்களா, வரிசையாக வந்தார்களா என்பதெல்லாம் தெரியாது. மொத்தம்தான் தெரியும்.

ஃபோட்டோவின் பலவீனமும் இதே இடத்தில்தான். அது ஒரு கணத்தைக் காட்டும். கூட்டுத்தொகையைக் காட்டாது.

விளம்பரத்தில் கப்பல் இருக்கிறதே?

'குரூஸ் விளம்பரங்களில் கப்பல் படம் நிறைய வருகிறதே, ஃப்ரேமுக்கு வெளியே என்று எப்படிச் சொல்கிறாய்?' என்று கேட்கலாம். வருகிறது. எப்படி வருகிறது என்று பாருங்கள். பெரிய பனிப்பாறை, அதன் அடியில் சின்னதாக, சுத்தமாக, அசையாமல் ஒரு வெள்ளைக் கப்பல். டிரோனிலிருந்தோ தூரத்து ரப்பர் படகிலிருந்தோ எடுத்தது. பனிப்பாறையின் அளவைக் காட்டுவதற்கான ஸ்கேல் அது. நகைக்கடை விளம்பரத்தில் மோதிரத்தின் பக்கத்தில் வைக்கிற பூ மாதிரி. எரிபொருள் குடித்து, புகை விட்டு, டிரேக் நீரிணையில் போக இரண்டு நாள், வர இரண்டு நாள் எஞ்சின் ஓட்டி வந்த யந்திரமாக அது அங்கே இல்லை.

என்னோடு முன்பு வேலை பார்த்த நண்பர் ஒருவர் உஷுவாயாவிலிருந்து கிளம்பும் 11 நாள் பயணம் போய்வந்தார். எங்கள் பழைய ஆபீஸ் குரூப்பில் அவர் போட்ட படங்கள் எல்லாமே பிரமாதம். நீலப் பனிப்பாறை, திமிங்கல வால், கல்லைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பென்குயின். நான் தனியாகக் கேட்டேன்: கரைக்கு இறங்குகிறதுக்கு முன்னாடி வரிசையில் நின்ற படம் எதாவது இருக்கா? 'அதெல்லாம் எதுக்குய்யா?' என்று சிரித்துவிட்டு, தேடி ஒரு 40 வினாடி வீடியோ அனுப்பினார். கப்பலின் கீழ்த்தளம். ஒரே மாதிரி ஜாக்கெட் போட்டுக்கொண்டு நூறு பேர் பூட்ஸோடு நிற்கிறார்கள். தட்டில் கிருமிநாசினி. பிரஷ். யாரோ பெயரைக் கூப்பிட்டு டிக் அடிக்கிறார்கள். எஞ்சின் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. ஒரு பாட்டி நிலைதடுமாற, பின்னால் நிற்பவர் தோளைப் பிடித்துக்கொள்கிறார்.

அவர் அனுப்பியதிலேயே அந்தப் பயணத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொன்னது அந்த 40 வினாடிதான். கூட்டம், கட்டுப்பாடு, அக்கறை, எரிபொருள், எல்லாம் அதில் இருந்தது. பென்குயினைப் பார்க்க என்ன தேவைப்படுகிறது என்பது இருந்தது. 'சௌத்' படத்தின் முன்பகுதிக்கு இன்றைக்கு வாரிசு உண்டென்றால் அது அந்த வீடியோதான். அதை அவர் குரூப்பில் போடவில்லை.

சுற்றுலாக் கப்பல் யந்திரமாக உலகம் முழுக்க ஃப்ரேமுக்குள் வந்த நாள் ஒன்று உண்டு. 2007 நவம்பர் 23. லின்ட்பிளாட் கட்டிய அதே சிவப்புக் கப்பல், அப்போது பெயர் எம்.எஸ். எக்ஸ்புளோரர், தெற்கு ஷெட்லாண்ட் தீவுகளுக்கு அருகே பனியில் மோதி ஓட்டை விழுந்து மூழ்கியது. 154 பேரும் உயிர்காப்புப் படகுகளில் மணிக்கணக்கில் காத்திருந்து, நோர்ட்நோர்கே என்ற இன்னொரு சுற்றுலாக் கப்பலால் மீட்கப்பட்டார்கள். பனிக்கு நடுவே அந்தச் சிவப்புக் கப்பல் சாய்ந்து கிடக்கும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. எண்டியூரன்ஸ் மூழ்கியது நவம்பர் 21. இது நவம்பர் 23. இடையில் 92 வருடம். அதற்குப் பிறகுதான் கனரக எரிபொருள் எண்ணெய்க்குத் தடை (2011), துருவக் கப்பல்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பு (2017) எல்லாம் நடைமுறைக்கு வந்தன. காரணம் இந்த ஒரு விபத்து மட்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கப்பல் ஃப்ரேமுக்குள் வந்தால்தான் கப்பலைப் பற்றிய பேச்சு வருகிறது.

போகக்கூடாதா?

போங்கள் என்றோ போகாதீர்கள் என்றோ சொல்வது இந்தப் பதிவின் வேலை இல்லை. எனக்கும் பார்க்க ஆசைதான். லின்ட்பிளாட் சொன்ன வாதம், அதாவது பார்த்தவன் காப்பாற்றுவான் என்பது, முழுக்கப் பொய்யும் இல்லை; போய்வந்த பலர் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிறார்கள், பேசுகிறார்கள். ஆனால் பார்த்தவன் எதைப் பார்த்தான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பென்குயினும் பனிப்பாறையும் மட்டும் அடங்கிய ஃப்ரேமைப் பார்த்தவன் பென்குயினைத் தொந்தரவு செய்யாதே என்று பேசுவான். தன்னையும் கப்பலையும் அடுத்து வரும் கப்பலையும் சேர்த்துப் பார்த்தவன்தான் மொத்த எண்ணிக்கையைப் பற்றிக் கேட்பான்.

அந்தக் கேள்வி இப்போது மேசைக்கு வந்திருக்கிறது. 2024 மே மாதம் கொச்சியில் நடந்த அன்டார்டிகா உடன்படிக்கை நாடுகளின் 46-வது கூட்டத்தில், சுற்றுலாவுக்கென்று முழுமையான ஒரு விதியமைப்பை உருவாக்கும் வேலையைத் தொடங்கினார்கள். இந்தியா அதில் முன்னின்றது. வாக்குரிமை உள்ள 29 நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் முடிவாகும் என்பதால் வேகமாக நடக்காது. உச்சவரம்பு வருமா, வந்தால் அதை யாருக்கு எப்படிப் பங்கிடுவது என்பதெல்லாம் பெரிய இழுபறி. ஆனால் தொழிலே தனக்குப் போட்டுக்கொண்ட லாக்கினால் இதைத் தீர்க்க முடியாது. ஒரு சமயத்தில் எத்தனை என்பதற்கு அவர்களிடம் நல்ல விடை இருக்கிறது. மொத்தம் எத்தனை என்பது அவர்கள் விடை சொல்ல வேண்டிய கேள்வியே இல்லை. அரசுகள் சொல்ல வேண்டியது.

'சௌத்' படத்துக்கே திரும்பி முடிக்கிறேன். எலிஃபன்ட் தீவில் அந்த 22 பேர் இருந்த இடத்துக்கு இன்று பாயின்ட் வைல்ட் என்று பெயர். அலை காரணமாக அங்கே இறங்குவது அபூர்வம். குரூஸ் பயணிகள் பெரும்பாலும் கப்பலிலிருந்தோ ரப்பர் படகிலிருந்தோ பார்த்துவிட்டுப் போகிறார்கள். அங்கே யெல்சோ கப்பலின் கேப்டன் லூயிஸ் பார்தோவின் மார்பளவுச் சிலை நிற்கிறது. சுற்றிலும் சின்ஸ்ட்ராப் பென்குயின்கள். அந்தப் படத்தை இணையத்தில் தேடினால் ஏராளமாகக் கிடைக்கும். 1916-ல் அங்கே இருந்தவர்களின் சாப்பாடும் நெருப்பும் பென்குயின்களும் சீல்களும்தான் என்பது அந்தப் படத்தில் தெரியாது. படம் எடுத்தவர் எதில் வந்தார் என்பதும் தெரியாது.

படத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. மீட்டெடுத்த பிரதியையே தேடிப் பாருங்கள். யூடியூபில் கிடைக்கும் துண்டுகளில் வேகம் தாறுமாறாக இருக்கும். பாய்மரம் முறிந்து விழும் காட்சியில் நிறுத்திவிட்டு ஒரு டீ குடியுங்கள். பிறகு பென்குயின் பகுதியைத் தொடருங்கள். இடையில் என்ன நடந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும் என்பதால், அந்தச் சிரிப்பு முன்மாதிரி வராது. ஹர்லியின் பென்குயின்கள் அப்படியும் அழகாகத்தான் இருக்கும்.